கட்டைவிரல் கொசுறு

"இந்த வீட்டுல வீடுன்னு சொல்லிக்க மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான். அசந்தா என்னையும் மடிச்சு அலமாரிக்குள்ள வெச்சிடுவா."

யார் வந்தாலும் அவள் புருஷன் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லிவிட்டு வந்தவர் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். வந்தவர் பெரும்பாலும் கவுனுக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணாக இருப்பாள். மரியாதைக்குப் பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போய்விடுவாள்.

தெருவில் எல்லாருக்கும் அவள் தையலக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். அவர் கடைத்தெருவில் பெரிய துணிக்கடை ஒன்றில் இரும்புக் கோலால் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர், அதனால் மீட்டர்காரர். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர்கள் இரண்டு பேருக்கும் இருக்கத்தான் செய்தன. அவற்றைத் தபால்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

வீட்டைக் கட்டியவர் அவள் மாமனார். குடியிருப்பவர்களைவிட வந்துபோகிறவர்கள் மேல் மரியாதை அதிகம் உள்ள மனிதர். முன்னறையைக் கூட்டம் போட்டுப் பேசலாம் போலப் பெரிதாகக் கட்டினார். மிச்சமிருந்த இடத்தில் ஒரு நடை, ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை, பின்னால் குளியலறை. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வந்துபோகவில்லை. ஜன்னலோரம் ஒரு பெரிய சோபா மட்டும் காத்துக்கொண்டு கிடந்தது.

"ஒரு மூலை போதுங்க" என்று சொல்லித்தான் அவள் அங்கே மிஷினைப் போட்டாள். மூலை ஒரு சுவராயிற்று. சுவர் அறையாயிற்று. துணி வெட்டும் மேஜை வந்தபோது சோபா நடைக்குப் போனது. ஆளுயரக் கண்ணாடியை மாட்ட வேறு சுவர் இல்லாததால் அதுவும் நடையில், சோபாவுக்கு நேர் எதிரே. ஆகவே மீட்டர்காரர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் எதிரே தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் யாராவது தைத்த சட்டையைப் போட்டு முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்க வந்துவிட்டால், பாவம், அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். அந்த வீட்டு மின்விசிறியை அவரளவுக்குக் கவனித்தவர் கிடையாது.

அறையை அவள் பிடித்துக்கொண்டாள் என்பது அவர் கட்சி. அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்த வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்தால் "என்ன யோசிக்கற?" என்று ஒரு கேள்வி வரும். மிஷின் ஓடும்போது மட்டும் வராது. ஓடுகிற சத்தத்துக்கு அடியில் அவள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். மகள் வேலைக்கென்று தொலைதூரம் போனபோது அழுததும் அங்கேதான். ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது; யாரும் வந்து கேட்கவில்லை. அவளுக்கு அறை என்றால் அதுதான். சுவரும் கூரையும் பிறகு.

இப்படி இருக்கும்போதுதான் நகரசபை அறிவிப்பு வந்தது. வீட்டோடு கடை வைத்திருக்கிறவர்கள் கடை எவ்வளவு, வீடு எவ்வளவு என்று தாங்களே அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீட்டு வரி, கடைக்குக் கடை வரி. கடை பாதிக்கு மேலே போய்விட்டால் மொத்தக் கட்டடமும் கடை. பெயர்ப்பலகைக்கு அகலத்தைப் பொறுத்துத் தனிக் கட்டணம். தெருப்பக்கம் நீட்டிய கூரைக்கு வேறு.

அந்த வாரம் தெருவே இளைத்துப்போனது. ரொட்டிக்கடைக்காரம்மா வெயில் மறைப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். ரொட்டிகள் கண் கூசி நின்றன. சைக்கிள் கடைக்காரர் வாசலில் தொங்கிய டயர்களையெல்லாம் வீட்டுக்குள் மாட்டி, அவற்றுக்கு நடுவே தலையை நுழைத்துச் சாப்பிட்டார். முடிவெட்டுகிறவர் தன் பலகையை ரம்பத்தால் அறுத்துப் பாதியாக்கினார். அதில் வரைந்திருந்த அழகனுக்கு ஒரு காதும் மீசையும் மட்டும் மிச்சம்.

மீட்டர்காரர் அறிவிப்பை மூன்று தரம் படித்தார்.

"பாதிக்கு மேல போச்சுன்னா தொலைஞ்சோம். நீ தைக்கறது பூரா வரிக்கே போயிடும். அப்புறம் நடத்தி என்ன புண்ணியம்? மூடிட வேண்டியதுதான்."

"மூடிட்டு?"

"மூடிட்டு என்ன, சும்மா இருக்க வேண்டியதுதான். வயசாகுதில்ல?" என்றார். பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "சோபாவ ஜன்னலோரம் போட்டுக்கலாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தது. அவள் காதில் அது மட்டும் தங்கிவிட்டது. இந்த மனுஷன் எந்தப் பக்கம்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அளந்தார்கள். கடை அவள் பொறுப்பு, மிச்ச வீடு அவர் பொறுப்பு. அவள் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்தாள். அவர் அளவு விஷயத்தில் விளையாடக்கூடாது என்று துணிக்கடையிலிருந்து இரும்புக் கோலையே கொண்டுவந்திருந்தார்.

அவள் மண்டியிட்டு, நாடாவைச் சுவரோரம் வைத்து வைத்து நகர்ந்தாள். எத்தனையோ இடுப்புகளையும் தோள்களையும் அளந்த நாடா முதல்முறையாக அவளுடைய சொந்த இடத்தை அளந்தது. இவ்வளவு நாளில் உன் இடம் எவ்வளவு என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டது வரி போடுகிறவன்தான் என்றாலும் கேட்டானே என்றிருந்தது. ஒவ்வொரு நாடா முடிவிலும் அவள் கை பழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்தது. அவள் கவனிக்கவில்லை.

உள்ளே கோல் தரையில் 'டங் டங்' என்று விழும் சத்தம் கேட்டது.

இரண்டு அளவையும் கூட்டினார்கள். பழைய ரசீதில் கட்டடத்தின் மொத்த அளவு இருந்தது. சதுர அடி பிசகாமல் அதே தொகை. மீட்டர்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தியா? அளவுன்னா இது! ஆபீஸ்காரன் அசந்துடுவான்."

கடை எவ்வளவு, வீடு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க அந்தச் சந்தோஷத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. மொத்தம் சரியாக வந்துவிட்ட பிறகு யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? எழுதி, மடித்து, அன்றே தபால் பெட்டியில் போட்டார்கள்.

பதில் வந்தது. கடை பாதியைத் தாண்டிவிட்டதால் மொத்தமும் வணிகக் கட்டடம். அதோடு, வணிகக் கட்டடத்தில் இரவு தங்குவது சட்டப்படி கூடாதாகையால், தற்சமயம் அங்கே தங்கிவரும் நபர்கள் யார் என்று நேரில் வந்து விளக்க வேண்டும்.

போனார்கள். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் மூக்கடைப்போடு பேசினாள். கோபக்காரி இல்லை, சட்டம் அவளைவிட வேகமாகப் பேசியது, அவ்வளவுதான்.

"கடைல ராத்திரி தங்கறதுன்னா வாட்ச்மேன் மட்டும்தான் தங்கலாம். அதுக்கு அனுமதி வாங்கணும், கட்டணம் தனி. யாரு வாட்ச்மேன்?"

தையலக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"முதலாளி யாரு? நீங்களாம்மா? வாட்ச்மேனுக்குச் சம்பளம் எவ்வளவு தர்றீங்க?"

"சாப்பாடு போடறேன்" என்றாள் அவள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா?"

"கெடையாது" என்றார் மீட்டர்காரர். அது மட்டும் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அப்போ முதலாளியம்மா ராத்திரி எங்க தங்குவீங்க?"

அந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. அம்மாள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரங்கிப்போய்ச் சொன்னாள்: "அளவு தப்புன்னு மனு குடுங்க. ஆபீசர் நேர்ல வந்து அளப்பாரு. அவர் போடறதுதான் கடைசி. அதுக்கு மேல பேச்சில்ல. உங்க ரூம் நெஜமாவே இவ்வளவு பெரிசா?"

வீட்டுக்கு வந்ததும் மீட்டர்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அள. நான் பாக்கறேன்" என்றார்.

அவள் நாடாவை வைத்தாள். நாடா முடிந்த இடத்தில் இரண்டு விரலை ஒட்டி வைத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, விரலுக்கு முன்னால், நாடா முடிந்த இடத்திலிருந்தே அடுத்த நாடாவைத் தொடங்கினாள்.

"நில்லு. அது என்ன ரெண்டு விரல்?"

"தையலுக்கு விடறதுங்க."

"சுவத்துக்கு எதுக்குடி தையலு?"

அவள் தன் இரண்டு விரல்களையும் யாரோ மறந்துவிட்டுப் போனவை போலப் பார்த்தாள். எந்த உடம்பை அளந்தாலும் அளந்தபடி அவள் எழுதுவதில்லை. தையலுக்குக் கொஞ்சம், மூச்சு விடக் கொஞ்சம், அடுத்த வருஷம் பெருத்தால் பிரித்துவிடக் கொஞ்சம். நாடா நாடாவாக அப்படிச் சேர்ந்து அறை பெருத்துவிட்டிருக்கிறது.

"உள்ள ஒருத்தர் அளந்தாரே, அவர் கொஞ்சம் அளந்து காட்டட்டுமே" என்றாள்.

அவர் கோலை எடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுக்கையறைச் சுவரோரம் வைத்தார். கோலின் நுனியில் கட்டைவிரலை அழுத்தி, விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த மீட்டரை ஆரம்பித்தார்.

"அது?"

"எது?"

"அந்தக் கட்டவெரல்."

"கொசுறு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. "ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கட்டவெரல் கூடக் குடுப்போம். எங்க மொதலாளி ஆரம்பத்துலயே சொல்லிக் குடுத்தது. கணக்குல வராது."

"யாருக்குக் குடுத்தீங்க? சுவத்துக்கா? சுவரு என்ன, அடுத்த தடவையும் உங்க கடைக்கே வரப்போகுதா?"

 அவள் கையின் தாராளத்தில் கடை பெருத்தது. அவர் கையின் தாராளத்தில் வீடு இளைத்தது. இரண்டும் சேர்ந்து மொத்தத் தொகை கச்சிதமாக நின்றது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்தபின் வேறொன்று வந்தது.

அந்தக் கட்டைவிரலை அவளுக்குப் பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அவரிடம் துணி வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அளந்தபோது கூடுதலாக இருந்தது. அடுத்த தடவையும். அளந்து கொடுப்பதே தொழிலான ஒருவர் தப்பாக அளந்தால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அந்த வயதில் அவள் முடிவு கட்டினாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மறுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டிக்கொண்ட பிறகுதான் ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும், ஆண்களுக்கும்கூட, அதே கட்டைவிரல் போயிருப்பது தெரிந்தது. இதை அவள் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொள்ள ஒரு நாள் தயாராகலாம் என்றிருந்தாள். அந்த நாள் வராமலே போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கெல்லாம் தாராளமாக இருக்கிற இரண்டு பேர். வீட்டுக்குள் மட்டும், யார் யாருடைய இடத்தை எடுத்துக்கொண்டார் என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள். அவருக்குக் கட்டைவிரல் அளவு ஜன்னலாவது மிச்சம் விட்டிருக்கலாம். விடவில்லை.

மனு போட்டார்கள். அளவு ஆபீசர் வந்தார். சற்றுக் கனத்த உடம்பு, காதில் பேனா, இடுப்பில் வட்டப் பெட்டியில் சுருண்ட இரும்பு நாடா. வந்தவுடன் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "வேற யாரும் வரல. உதவியாளர் போஸ்ட் காலியா இருக்கு. ஒரு முனைய நீங்கதான் பிடிக்கணும் சார்" என்று மீட்டர்காரர் கையில் நாடா முனையைக் கொடுத்தார்.

முதலில் படுக்கையறை. மீட்டர்காரர் முனையைச் சுவரில் வைத்து, நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தார். தையலக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல்கூட விலகவில்லை. சமையலறையிலும் அப்படியே, குளியலறையிலும் அப்படியே. பரவாயில்லை, மனுஷன் பழக்கத்தை மறந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாயிற்று.

நடைக்கு வந்ததும் ஆபீசர் நின்றார். சோபாவைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் தன் வயிற்றைப் பார்த்து அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது என்ன இடம்? வீடா, கடையா?"

"வீடுதான் சார்" என்றாள் அவள்.

"இவ்வளவு பெரிய கண்ணாடி?"

"நான் ஷேவ் பண்றதுக்கு" என்றார் மீட்டர்காரர்.

"முழங்கால் வரைக்குமா?"

 ஆபீசர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "இந்த நடை கடைல சேந்துச்சுன்னா பாதிக்கு மேல போயிடும், சந்தேகமே இல்ல. வாடிக்கைக்காரங்க இங்க உக்காருவாங்களா, மாட்டாங்களா? உண்மையச் சொல்லுங்க சார்."

தையலக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாகப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவர் சொல்லி அழுத விஷயம் இதுதான். கேட்க ஆள் வந்திருக்கிறது, அதுவும் முத்திரையோடு. ஒரே ஒரு வார்த்தை. சோபா ஜன்னலுக்குப் போய்விடும். மிஷின் எங்கே போகும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். கைப்பிடி இரண்டிலும் கையை விரித்து வைத்தார்.

"இது என் எடம் சார். நான் இங்கதான் இருக்கேன். வேணும்னா யாரையும் கேட்டுப் பாருங்க" என்றார்.

'யாரையும்' என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் நர்ஸம்மா. கையில் வெள்ளைச் சீருடை. ஆபீசர் திரும்பினார்.

"நீங்க யாரும்மா? வாடிக்கையா?"

"கொழுந்தியா சார்" என்றார் மீட்டர்காரர், அவள் வாயைத் திறக்கும் முன். "என் சம்சாரத்தோட தங்கச்சி."

நர்ஸம்மா அவரைப் பார்த்தாள்; ஆபீசர் கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். மூச்சு நின்றவர்களைப் பார்த்தும் பதறாத பெண் அவள். "ஆமா. அத்தான்தான் வரச் சொன்னாரு" என்று சோபாவின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து ரொட்டிக்கடைக்காரம்மா, முழங்கை வரை மாவோடு.

"இவங்க?"

"இவங்க மூத்தவங்க. அண்ணி."

"அண்ணியா? யாருக்கு அண்ணி?" ரொட்டிக்கடைக்காரம்மா கொதித்துப்போனாள். "நான் அவளவிட ரெண்டு வயசு சின்னவ! கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"எளையவங்கதான் சார். அடுப்புல நின்னு நின்னு அப்படித் தெரியறாங்க."

"இப்ப அடுப்பு வேறயா? இருங்க அத்தான், உங்களுக்கு இருக்கு" என்று அவளும் உட்கார்ந்தாள். சோபா முனகியது.

ஆபீசர் ஏதோ எழுத ஆரம்பித்தார். "மூஞ்சி ஒருத்தர மாதிரி ஒருத்தர் இல்லயே?"

"இவங்க அப்பா ஜாடை, அவங்க அம்மா ஜாடை" என்று மீட்டர்காரர் சொல்லும்போதே வாசல் இருண்டது. போக்குவரத்துப் போலீஸ்காரம்மா, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தொப்பி, விசில், கக்கத்தில் ஒரு கால்சட்டை. ஆபீசர் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"இவங்களும் உங்க..." என்றார் ஆபீசர். குரல் இறங்கியிருந்தது.

மீட்டர்காரர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். பொய்யில் ஒரு எல்லை உண்டு. சீருடை அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றது.  போலீஸ்காரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாள் முழுக்க நாற்சந்தியில் நின்று யார் எங்கே திரும்பப் போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள். தையலக்காவின் முகத்தில் அவள் பார்வை நின்றது.

பிறகு தொப்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் மாட்டினாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள். "தள்ளுங்கடி" என்று மற்ற இருவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு, "அத்தான், ஒரு சொம்பு தண்ணி குடுங்க. வெயில்ல நின்னு தலைய சுத்துது" என்றாள்.

ஆபீசர் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த எந்தக் கடையிலும் யாரும் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டியதில்லை. ஆனால் அவர் முட்டாள் இல்லை. தையலக்கா பக்கம் திரும்பினார்.

"உங்க கூடப் பொறந்தவங்க மொத்தம் எத்தன பேரும்மா?"

அவள் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள். அக்கா தங்கை என்று யாராவது சண்டை போட்டால்கூட நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவள். ஆனால் சோபாவில் இருக்கிற மூன்று பேரையும் பார்த்தாள். நர்ஸம்மாவின் இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அது வெளியே தெரியாமல் தைக்க அவளுக்கு மட்டும் தெரியும். ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் போனபோது கவுனின் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். காரணம் கேட்காமல் பிடித்துக் கொடுத்தாள். போலீஸ்காரம்மா இங்கே கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் வயிற்றைத் தளர்த்திவிடுவாள். கூடப் பிறந்தவர்களுக்கு இதைவிட என்ன தெரிந்திருக்கும்?

"எண்ணிப் பாத்ததில்ல சார்" என்றாள்.

ஆபீசர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு சாக்கட்டி எடுத்து நடையின் சுவரில் 'வீடு' என்று எழுதினார்.

"நடை வீடு. முன்ரூம் கடை. இனி ரூம் அளவுலதான் இருக்கு. சார், வந்து பிடிங்க. பாதிய ஒட்டித்தான் வரும்னு தோணுது. மேல போனா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முன்னறை. துணி மேஜையை நகர்த்தினார்கள். மீட்டர்காரர் ஒரு மூலையில் குந்தி நாடா முனையைப் பிடித்தார். ஆபீசர் எதிர்ச் சுவருக்கு நடந்தார். தையலக்கா மிஷினருகே நின்றாள். புருஷனின் கை அவளுக்கு மட்டும் தெரிந்தது. சுவருக்கும் நாடாவுக்கும் நடுவே, ஒரு பூனை வந்து படுப்பது போல அவ்வளவு இயல்பாக, அந்தக் கட்டைவிரல் வந்து படுத்துக்கொண்டது.

அவள் பார்வையைத் துணி வெட்டுகிற கத்தரியின் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீளம் அளந்தார்கள், அகலம் அளந்தார்கள். அகலத்துக்கும் அப்படியே.

ஆபீசர் மேஜையில் குனிந்து பெருக்கினார், கூட்டினார், மறுபடி கூட்டினார். நடையில் மூன்று பேரும் மூச்சு விடாமல் எட்டிப் பார்த்தார்கள்.

"மயிரிழை" என்றார். "மயிரிழைல பாதிக்குக் கீழ. இதுக்குக் கடை வரி, அதுக்கு வீட்டு வரி. முடிஞ்சது." பேனாவைக் காதில் செருகினார். வாசல் வரை போய்த் திரும்பி, "ஏம்மா, கால்சட்டை இடுப்பு கொஞ்சம் பிரிச்சு விடுவீங்களா? எவ்வளவு ஆகும்?" என்றார்.

"கொண்டாங்க சார். நடைல உக்கார முடியாது, அதான்" என்றாள் அவள்.

"தெரியும். நான் அண்ணன் தம்பி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்தாரா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடையில் அப்புறம் நடந்த கூத்துக்குக் கணக்கில்லை. ரொட்டிக்கடைக்காரம்மா 'அண்ணி' என்ற வார்த்தைக்காக மீட்டர்காரரின் சட்டையில் மாவுக் கையைப் பதித்தாள். போலீஸ்காரம்மா இரண்டாவது சொம்பு தண்ணீர் கேட்டாள். ஒவ்வொருத்தியும் துணியைக் கொடுத்துவிட்டு "வரேன் அத்தான்" என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு 'அத்தானு'க்கும் அவர் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ள அவர் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்தது.

வீடு அடங்கியது. அவர் சோபாவில், சுவரில் இருந்த 'வீடு' என்ற எழுத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றப் போனாள். அதை மிஷின் பக்கம் எங்காவது சாய்த்து வைத்தால் இனி அவர் நேராகவே பார்க்கலாம்.

"எதுக்குக் கழட்டற? இருக்கட்டும். கொழுந்தியாளுங்க வந்தா தேடுவாங்க."

அவள் கழற்றாமல் வந்து சோபாவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள், போட்டோ எடுக்க வந்தவர்கள் போல.

"ஏங்க."

"ம்."

"முன்ரூம் சுவத்துல கட்டவெரல் வெச்சீங்களா?"

"பழக்கம். கை தானா போகுது, என்ன பண்றது?"

"படுக்கையறைல வெக்கல. சமையல்ரூம்ல வெக்கல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

 அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் பார்ப்பதைப் பார்த்தார். மெல்ல அண்ணாந்தார்.

"விசிறில ஒரே தூசி" என்றார். "துடைக்கணும்."